127 பிலிம் நாள்: பன்னிரண்டு பேர் சேர்ந்து கொண்டாட முழுமையான வழிகாட்டி

127 என்பது பழைய சிறிய கேமராக்களுக்கான ரோல் பிலிம் அளவு. அதில் படம் எடுப்பவர்களுக்கு ஆண்டில் இரண்டு கொண்டாட்ட நாட்கள் உண்டு. ஒன்று ஜூலை 12. நாளை முதலிலும் மாதத்தை அடுத்தும் எழுதும் நம் வழக்கப்படி 12/7. இன்னொன்று ஜனவரி 27. அமெரிக்கர்கள் எழுதும் முறையில் 1/27. பழைய 127 கேமரா வைத்திருப்பவர்கள் அன்று ஒரு ரோலாவது போட்டு எடுத்து, படங்களை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வார்கள். இதைத் தனியாகச் செய்வதைவிடக் குழுவாகச் செய்வது எளிது, செலவும் குறைவு. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 127-இல் உண்மையான தட்டுப்பாடு பிலிமுக்கு இல்லை. அந்த பிலிமைச் சுற்றிவைக்கும் ஸ்பூலுக்கும், அதன் முதுகில் ஒட்டிய எண்ணிட்ட காகிதத்துக்கும்தான். இந்த இரண்டையும் தூக்கிப் போடாமல் திரும்பச் சேர்க்கும் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தால், அதைவிட அகலமான 120 ரோல் பிலிமை வெட்டி எத்தனை ஆண்டானாலும் 127 எடுக்கலாம். கீழே சொல்லும் திட்டம் முழுவதும் இதை நடுவில் வைத்துப் போடப்பட்டது: ஜூலையில் கடையில் வாங்கிய ரோல், ஜனவரியில் அதே ஸ்பூலில் கையால் சுற்றிய ரோல்.

127 பற்றித் தெரிந்திருக்க வேண்டியவை

கோடாக் நிறுவனம் 1912-இல் வெஸ்ட் பாக்கெட் கோடாக் என்ற மடக்குக் கேமராவோடு இந்த அளவைக் கொண்டுவந்தது. சட்டைப்பையில் அடங்கும் அந்தக் கேமராவை முதல் உலகப்போரில் சிப்பாய்கள் ஏராளமாக எடுத்துச் சென்றார்கள். 1924-இல் எவரெஸ்ட்டில் காணாமல்போன மேலரியும் இர்வினும் கொண்டுபோனதாகக் கருதப்படும் கேமராவும் இதே ரகம்தான். 1963-இல், அப்படியே கேமராவில் சொருகும் இன்ஸ்டமேடிக் பிலிம் கார்ட்ரிட்ஜ் வந்த பிறகு 127-இன் மவுசு குறைந்தது. கோடாக் 1995-இல் இதன் உற்பத்தியை நிறுத்தியது. குரோஷியாவின் ஃபோட்டோகெமிக்கா எஃப்கே என்ற பெயரில் 2012 வரை தயாரித்துக்கொண்டிருந்தது. இப்போது ஜப்பானின் ரெரா பான் 100 போன்ற சில ரோல்கள் சிறிய அளவில் வருகின்றன.

பிலிமின் அகலம் 46 மி.மீ. இதில் மூன்று வகைப் படங்கள் எடுக்கலாம். 4 × 6.5 செ.மீ. என்றால் 8 படங்கள், 4 × 4 என்றால் 12, 3 × 4 என்றால் 16. 3 × 4 கேமராக்கள் பலவற்றின் முதுகில் இரண்டு சிவப்பு ஜன்னல்கள் இருக்கும். காகிதத்தில் உள்ள 1 என்ற எண்ணை முதல் ஜன்னலுக்குக் கொண்டுவந்து ஒரு படம், அதே எண்ணை இரண்டாம் ஜன்னலுக்கு நகர்த்தி இன்னொரு படம் என்று, எட்டு எண்களில் பதினாறு படம் எடுக்க வேண்டும். இது தெரியாமல் ஒரு ஜன்னலை மட்டும் பார்த்து எடுப்பவர்கள் பாதி பிலிமை வீணாக்கிவிடுவார்கள்.

குழுவும் கால அட்டவணையும்

பன்னிரண்டு பேர் சரியான எண்ணிக்கை. 4 × 4 கேமராவில் ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படங்கள் என்பதால், ஒரே கேமராவைக் கைமாற்றி ஆளுக்கு ஒரு படம் எடுக்கலாம். கடைசியில் போடும் பதினாறு பக்கச் சிற்றேட்டுக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். எல்லோரிடமும் 127 கேமரா இருக்க வேண்டும் என்பதில்லை. ஐந்தாறு கேமரா இருந்தால் போதும். ஒருவர் காலையில் எடுத்து முடித்த பின் மற்றவர் மாலையில் தம் ரோலைப் போட்டுக்கொள்ளலாம்.

ஜூலை 12-இலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ரோல்கள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருப்பதால் ஏப்ரல் தொடக்கத்திலேயே வரவழைக்க வேண்டும். மே மாதம் கேமரா சோதனை. ஜூன் கடைசியில் ரோல்களைப் பிரித்துக் கொடுப்பது. ஜூலை இறுதிக்குள் கழுவி முடிப்பது. ஆகஸ்டில் காண்டாக்ட் ஷீட்டும் (நெகட்டிவ்களைப் பெரிதாக்காமல் அப்படியே தாளில் வைத்துப் போடும் பிரிண்ட்) சிற்றேடும். நவம்பரில் 120 பிலிம் வெட்டும் பயிற்சி, ஜனவரி முதல் வாரத்தில் ரோல் சுற்றுவது.

மொத்தம் பதினான்கு ரோல் வாங்குங்கள். பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு, கைமாறும் கேமராவுக்கு ஒன்று, சோதனைக்கு ஒன்று.

கேமராவை வாங்கும்போதும் சோதிக்கும்போதும்

முதலில் பார்க்க வேண்டியது லென்ஸை அல்ல. பின்மூடியைத் திறந்து உள்ளே ஒரு காலி ஸ்பூல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத கேமராவை வாங்கினால், பிலிம் போய்ச் சுற்றிக்கொள்ள இடமே இருக்காது. 620 என்ற இன்னொரு பழைய அளவுக் கேமராவுக்கு 120 ஸ்பூலின் விளிம்பைத் தேய்த்துப் போடுவதுபோல இங்கே குறுக்குவழி ஏதும் கிடையாது. கறுப்பு பிளாஸ்டிக்கில் முப்பரிமாண அச்சில் செய்துகொள்ளலாம். ஆனால் அசல் ஸ்பூல் ஒன்றை வெர்னியரில் அளந்து அந்த அளவில்தான் செய்ய வேண்டும். அதன் விளிம்புத் தட்டு வெளிச்சத்தைச் சிறிதும் கசியவிடக் கூடாது. டார்ச்சை ஒட்டவைத்துப் பாருங்கள். மறுபக்கம் மங்கலாகத் தெரிந்தாலும் அந்த ஸ்பூல் வேண்டாம்.

எந்தக் கேமரா என்பது கையில் உள்ள காசைப் பொறுத்தது. தொடக்கக்காரருக்கு பிரவுனி 127, பிரவுனி ஸ்டார்ஃப்ளாஷ் போன்ற எளிய பெட்டிகள் போதும். ஒரே ஷட்டர் வேகம். ஃபோகஸ் செய்யும் வேலை இல்லை. தரமான படம் வேண்டுமென்றால் யாஷிகா 44 வரிசை அல்லது பேபி ரோலிஃப்ளெக்ஸ். இரண்டுமே 60 மி.மீ. எஃப்/3.5 லென்ஸோடு 4 × 4 எடுக்கும் இரட்டை லென்ஸ் கேமராக்கள். வெஸ்ட் பாக்கெட் கோடாக்கில் பின்மூடியே கிடையாது. பக்கத் தகட்டைக் கழற்றி, இரண்டு ஸ்பூல்களையும் நடுவில் காகிதம் விறைப்பாக நிற்கும்படி ஒருசேர உள்ளே சொருக வேண்டும். காகிதம் தொய்ந்தால் ஓரம் மடிந்து கிழியும். அதனால் அந்தக் கேமராவை வைத்திருப்பவர் பகல் வெளிச்சத்தில் காலி காகிதத்தை வைத்துப் பத்து முறை போட்டுப் பழகட்டும்.

சோதனை இப்படி:

1. மடக்குக் கேமராவானால் இரவில் விளக்கை அணைத்துவிட்டு, சிறு டார்ச்சை உள்ளே விட்டு பெல்லோஸின் (லென்ஸுக்குப் பின்னால் மடிந்து விரியும் துருத்தி) ஒவ்வொரு மூலையையும் பாருங்கள். ஓட்டை பெரும்பாலும் மடிப்பின் மூலையில்தான் விழும். சிறு ஓட்டைக்குக் கறுப்புத் துணிப் பெயிண்டை மெல்லிய இரண்டு பூச்சாகப் போட்டு, விரித்த நிலையிலேயே ஒரு நாள் காயவிடுங்கள். தடிமனாகப் பூசினால் மடக்கும்போது ஒட்டிக்கொள்ளும்.

2. பின்பக்கம் திறந்திருக்க, ஷட்டரை வெளிச்சத்தை நோக்கி ஒவ்வொரு வேகத்திலும் பத்துப் பதினைந்து முறை அடியுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி மினுக்கென்று வெளிச்சம் தெரிய வேண்டும். முதல் இரண்டு முறை மெதுவாகத் திறந்து பிறகு சரியானால், உள்ளே பழைய எண்ணெய் பிசுபிசுக்கிறது. சுத்தம் செய்ய வேண்டும்.

3. சிவப்பு ஜன்னலின் பிளாஸ்டிக் வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். எப்படியிருந்தாலும் அதன்மேல் கறுப்பு எலெக்ட்ரிகல் டேப் ஒட்டிவிடுங்கள். பழைய ஆர்த்தோ பிலிம்களுக்குச் சிவப்பு வெளிச்சம் தெரியாது. அதனால் அந்த ஜன்னல் பாதுகாப்பாக இருந்தது. இன்றைய பான்குரோமேடிக் பிலிம் சிவப்பையும் பதிவு செய்யும். நம் ஊர் வெயிலில் ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தால், படத்தின் நடுவில் வட்டப் புகையும் அதற்குள் எண்ணின் நிழலும் விழும். நிழலில் நின்று, டேப்பைத் தூக்கி, சுற்றி, மறுபடி ஒட்டுவது பழக்கமாக வேண்டும்.

4. 1915-க்குப் பின் வந்த ஆட்டோகிராஃபிக் மாடல்களின் முதுகில் குறிப்பு எழுதுவதற்கென்று ஒரு சிறு கதவு இருக்கும். அதற்கான சிறப்பு பிலிம் இப்போது இல்லை. கதவையும் டேப்பால் மூடுங்கள்.

இதெல்லாம் முடிந்தபின் சோதனை ரோலைப் போட்டு எடுங்கள். ஒரே ரோல்தான் என்பதால், சந்தேகம் அதிகமுள்ள கேமராவுக்கே அதைக் கொடுங்கள்.

ஸ்பூல் பதிவேடு

ரோல்கள் வந்த அன்றே ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்துவிடுங்கள். ஸ்பூலின் விளிம்புத் தட்டில் வெளிப்புறமாக வெள்ளை மார்க்கரில் 1 முதல் 14 வரை. காகிதத்தின் எண்ணை ரோல் கழுவித் திரும்பும்போது அதன் வால் முனையில் பென்சிலால் எழுதிக்கொள்ளலாம். ஒரு நோட்டில் நான்கு பத்திகள் போதும்: எண், யாரிடம் போனது, ஸ்பூல் திரும்பிய தேதி, காகிதத்தின் நிலை.

இதில் எல்லோரும் தவறவிடும் ஒரு விஷயம் உண்டு. ரோல் எடுத்து முடிந்ததும் பிலிம் போய்ச் சேர்ந்திருப்பது கேமராவில் ஏற்கெனவே இருந்த பழைய ஸ்பூலில். புதிய ஸ்பூல் காலியாகிக் கேமராவில் தங்கிவிடும். ஆக, கழுவுவதற்கு வரும் ஸ்பூலின் எண்ணும் கொடுத்த எண்ணும் ஒன்றாக இருக்காது. பதிவேட்டில் ஸ்பூலைக் கேமராவோடு சேர்த்துக் கணக்கு வைத்தால் குழப்பம் வராது.

வெளியே லேபில் கழுவக் கொடுப்பவர்கள், ஸ்பூலும் காகிதமும் திரும்ப வேண்டும் என்று உறையின் மேலேயே பெரிதாக எழுதுங்கள். வாயால் சொன்னது இருட்டறைக்குப் போய்ச் சேராது. 120 ரோலின் காகிதம் தினமும் குப்பைக்குத்தான் போகிறது என்பதால் இதுவும் அதோடு போய்விடும். கழுவுவதைக் குழுவே செய்வதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

ஜூலை 12 அன்று

தலைப்பு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது கேமராவுக்குத் தாங்குவதாக இருக்கட்டும். பிரவுனி போன்ற பெட்டிகளில் ஷட்டர் ஏறத்தாழ 1/50 நொடி, லென்ஸ் எஃப்/14 அளவு. ஐஎஸ்ஓ 100 வேகமுள்ள பிலிமில், நல்ல வெயிலில் 1/100 நொடிக்கு எஃப்/16 என்பது கணக்கு. ஆகவே பிரவுனியில் ஒரு ஸ்டாப்புக்குச் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்) சற்று மேல் அதிக வெளிச்சம் விழும். நெகட்டிவ் பிலிம் அதைத் தாங்கும். மெல்லிய மேகம் இருந்தால் கச்சிதமாக வரும். கோயில் மண்டபத்தின் உள்ளே, மரநிழலில், மாலை ஆறு மணிக்கு எடுத்தால் நெகட்டிவில் போதுமான படம் இருக்காது. 'விளக்கு' என்றோ 'இரவு' என்றோ தலைப்பு வைத்தால் பெட்டிக் கேமராக்காரர்கள் பாவம். 'வெயில்', 'சக்கரம்', 'திண்ணை', 'கடைப்பலகை' போன்றவை எல்லோருக்கும் ஒத்துவரும். பெட்டிக் கேமராவில் குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளி நிற்கவும் சொல்லுங்கள்.

கைமாறும் கேமராவுக்கு 4 × 4 எடுப்பதும், சிவப்பு ஜன்னல் பார்த்துச் சுற்றுவதுமான ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு ஒரே ஒரு விதி: படம் எடுத்தவர் அந்த இடத்திலேயே அடுத்த எண்ணுக்குச் சுற்றிவிட்டுத்தான் கேமராவைக் கொடுக்க வேண்டும். எடுப்பதற்குச் சற்று முன் சுற்றினால் பிலிம் விறைப்பாக, சமமாக நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் பன்னிரண்டு கைகள் மாறும்போது, சுற்றினாரா இல்லையா என்ற சந்தேகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு படம் விழுவதுதான் பெரிய ஆபத்து. கேமராவோடு ஒரு அட்டையைக் கயிற்றில் கட்டிவிடுங்கள். எண், பெயர், நேரம், இடம், வெளிச்சம் என்று ஒவ்வொருவரும் ஒரு வரி எழுதட்டும். அட்டையில் கடைசியாக எழுதிய எண்ணுக்கு அடுத்த எண் ஜன்னலில் தெரிந்தால் எல்லாம் சரி.

முகம் தெளிவாகத் தெரியும்படி யாரையாவது எடுத்தால் கேட்டுவிட்டு எடுங்கள். சிற்றேட்டில் வரலாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

ரோல் முடிந்ததும் வால் காகிதம் முழுவதும் சுற்றும்வரை சுற்றி, நிழலில் திறந்து, சுருளைத் தளரவிடாமல் விரலால் பிடித்து ஒட்டுங்கள். தளர்ந்த சுருளில் காகிதத்துக்கும் ஸ்பூல் விளிம்புக்கும் இடையே வெளிச்சம் புகுந்து படங்களின் ஓரம் கறுத்துவிடும். 127 கழுவும்போது காணும் குறைகளில் அடிக்கடி வருவது இதுதான். எடுத்த ரோலைக் கறுப்பு உறையில் போட்டு ஒரு டப்பாவில் வைத்துவிடுங்கள்.

கழுவுதல்

பிலிம் கழுவும் பேட்டர்சன் டேங்கின் பிளாஸ்டிக் ரீலில் 127-க்கென்றே ஒரு நிலை இருக்கிறது. ரீலின் இரண்டு பாதியையும் 'க்ளிக்' தாண்டித் திருப்பிப் பிரித்து, 35 மி.மீ.க்கும் 120-க்கும் நடுவில் உள்ள காடியில் மாட்டுங்கள். டேங்கின் அடியில் ஒவ்வொரு அளவுக்கும் எவ்வளவு திரவம் என்று அச்சிட்டிருக்கும். 127-க்கு 370 மி.லி.

ரீல் எலும்புபோலக் காய்ந்திருக்க வேண்டும். கடலோர ஊர்களில் காற்றின் ஈரத்திலேயே பிலிம் சற்று மிருதுவாகி, பாதி ஏறியபின் சிக்கிக்கொள்ளும். ரீலை ஹேர் டிரையரில் சூடாக்கி ஆறவைத்துப் பயன்படுத்துங்கள். பிலிமின் முன் மூலைகள் இரண்டையும் கத்தரியால் சற்று வளைத்து வெட்டினால் எளிதாக ஏறும். காகிதத்திலிருந்து பிலிமைப் பிரிக்கும்போது டேப்பை வெடுக்கென்று இழுக்காதீர்கள். வேகமாகப் பிரியும் டேப் இருட்டில் நீலமாக மின்னும். அந்த மினுக்கே பிலிமில் கறையாகப் பதியும்.

கடை ரோலுக்கு அதன் பெட்டியில் தந்துள்ள நேரத்தைப் பின்பற்றுங்கள். ஜனவரிக்கு இல்ஃபோர்டின் எஃப்பி4 பிளஸ் பிலிமை வெட்டினால், டி-76 அல்லது ஐடி-11 டெவலப்பரைச் (படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்து) சமபங்கு தண்ணீரோடு கலந்து, அதாவது 185 மி.லி. டெவலப்பரும் 185 மி.லி. தண்ணீரும், 20 டிகிரியில் 11 நிமிடம். ஜூலையில் நம் குழாய்த் தண்ணீரே 30 டிகிரியைத் தொடும். ஐஸ் வைத்து 20-க்கு இறக்கலாம். அங்கேயே நிறுத்திவைப்பதுதான் கஷ்டம். 24 டிகிரியில் ஏழரை நிமிடம் என்று வைத்துக்கொள்வது மேல். பாட்டில்களையும் டேங்கையும் ஒரே தொட்டித் தண்ணீரில் உட்காரவைத்து, ஐஸ் கட்டிகளை ஒரு பையில் கட்டித் தொட்டியில் போட்டு எடுத்து வெப்பத்தைச் சீராக்குங்கள். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போகும் நேரம் எதுவும் வேண்டாம். ஊற்றுவதில் ஏற்படும் சில நொடி தாமதமே அப்போது திட்டுத்திட்டாகத் தெரியும்.

முதல் பத்து நொடியில் நான்கு முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள். பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் நான்கு முறை. ஒவ்வொரு தடவையும் டேங்கைத் தரையில் ஒரு தட்டு தட்டினால் குமிழி நீங்கும். டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத் பத்து நொடி, பிறகு படத்தை நிலைக்கவைக்க, ஒன்றுக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்த ரேபிட் ஃபிக்ஸர் ஐந்து நிமிடம். அலசுவதற்கு, டேங்கில் தண்ணீர் நிரப்பி 5 முறை கவிழ்த்துக் கொட்டி, மறுபடி நிரப்பி 10 முறை, மீண்டும் 20 முறை செய்தால் போதும். இந்தத் தண்ணீரும் 24-க்கு அருகிலேயே இருக்கட்டும். சட்டென்று சூடான தண்ணீருக்குப் போனால் எமல்ஷன் (பிலிமின் மேல் உள்ள படப் பூச்சு) ஊறி, நகம் பட்டாலே கீறும். பல ஊர்களில் தண்ணீர் உப்பு என்பதால் கடைசி அலசலுக்கு மட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரில் தண்ணீர்த் தடம் விழாமல் காக்கும் ஃபோட்டோ-ஃப்ளோ 2 மி.லி. அளவு கலந்து முக்கி எடுத்துத் தொங்கவிடுங்கள்.

காய்ந்ததும், நெகட்டிவைத் துண்டுபோடுவதற்கு முன்பு அதன் மொத்த நீளத்தை அளந்து பதிவேட்டில் எழுதுங்கள். ஜனவரி வேலைக்கு இந்த அளவுதான் அடிப்படை.

ஜனவரி 27-க்கு ரோல் சுற்றுவது

இந்த வேலையை ஜனவரிக்கு வைத்ததற்குக் காரணம் குளிர்ச்சி. கையில் வியர்வை இருக்காது, பிலிமும் ஒட்டாது.

120 பிலிமின் அகலம் ஏறத்தாழ 61.5 மி.மீ., நீளம் சுமார் 82 செ.மீ. இதை 46 மி.மீ. அகலத்துக்கு நறுக்க வேண்டும். வேகம் குறைவான பிலிம்களையே தேர்ந்தெடுங்கள்: எஃப்பி4 பிளஸ், கென்ட்மியர் 100 போன்றவை. ஐஎஸ்ஓ 400 பிலிமைப் பிரவுனியில் போட்டால் வெயிலில் மூன்று ஸ்டாப்புக்கு மேல் அதிகம் விழும்.

நறுக்கும் பலகையை எந்தத் தச்சரும் செய்து தருவார். அக்ரிலிக் வெட்டும் கடையிலும் செய்யலாம். சுமார் 15 செ.மீ. நீளமுள்ள ஒரு பலகையில் 62 மி.மீ. அகலத்துக்கு, அரை மி.மீ.க்குச் சற்று அதிக ஆழத்தில் ஒரு வழி. மேலே திருகி மூடும் இன்னொரு பலகை. மூடியில், வழியின் ஒரு சுவரிலிருந்து சரியாக 46 மி.மீ. தள்ளி, உடைக்கும் ரகக் கட்டர் பிளேடின் புதிய முனை ஒன்று சாய்வாக இறங்கி நிற்க வேண்டும். அந்தச் சுவர்தான் அளவுச் சுவர். பிலிமை எப்போதும் அதன் மேல் ஒட்டியே இழுக்க வேண்டும். வழிக்குள் துணியோ வெல்வெட்டோ ஒட்டாதீர்கள், தூசி சேரும். பிளேடை மூன்று நான்கு ரோலுக்கு ஒருமுறை மாற்றுங்கள். மழுங்கிய பிளேடு ஓரத்தைப் பிசிராக்கும். அந்தப் பிசிறு ரீலில் சிக்கும்.

காலாவதியான ஒரு 120 ரோலை வெளிச்சத்திலேயே வெட்டிப் பழகுங்கள். வெட்டிய துண்டை மூன்று இடத்தில் வெர்னியரில் அளந்து, 45.8-க்கும் 46-க்கும் நடுவில் வருகிறதா என்று பாருங்கள். அதிகமானால் ஸ்பூல் விளிம்பில் உரசி மடியும். ரொம்பக் குறைந்தால் கழுவும் ரீலின் காடியிலிருந்து வழுக்கிவிடும்.

இருட்டில் செய்ய வேண்டியவை, வரிசையாக. சேஃப்லைட் (இருட்டறைச் சிவப்பு விளக்கு) எதுவும் கூடாது, முழு இருட்டு.

1. மேசையில் இடமிருந்து வலமாக 120 ரோல், நறுக்கும் பலகை, அளவுக்குச்சி, காகிதம், ஸ்பூல், டேப் என்று அடுக்கிவைத்துவிட்டு விளக்கை அணையுங்கள். அளவுக்குச்சி என்பது ஜூலையில் அளந்த நெகட்டிவின் நீளத்துக்கு வெட்டிய மரச்சட்டம்.

2. 120 ரோலைப் பிரியுங்கள். முதலில் வெறும் காகிதம், பிறகு டேப் ஒட்டிய பிலிம் முனை விரலில் தட்டுப்படும். டேப்பை மெதுவாக உரித்து பிலிமைத் தனியே எடுங்கள். காகிதம் இனி தேவையில்லை.

3. பிலிமைப் பலகையில் விட்டு, நிறுத்தாமல் ஒரே சீராக இழுங்கள். நடுவில் நின்றால் அந்த இடத்தில் பிளேடு சிறு வெட்டு போடும். பின்னால் அங்கேதான் கிழியும்.

4. 46 மி.மீ. துண்டைக் குச்சியோடு வைத்து மிச்ச நீளத்தை நறுக்குங்கள். சுமார் 20 செ.மீ. மிஞ்சலாம், டெவலப்பர் சோதனைக்கு உதவும். அதை வெட்டாமல் முழு நீளத்தையும் சுற்றினால் சுருள் தடித்து, சிறிய கேமராக்களின் அறையில் இறுகிச் சுற்றவே வராது.

5. 127 காகிதத்தின் வால் முனையை ஸ்பூலின் பிளவில் சொருகி, எண்கள் வெளிப்புறம் வரும்படி, பிலிம் தொடங்கும் இடம் வரை சுற்றுங்கள். அந்த இடத்தை வெளிச்சத்தில் இருக்கும்போதே காகித ஓரத்தில் நகத்தால் சிறு மடிப்பு போட்டுக் குறித்துவைத்திருக்க வேண்டும்.

6. பிலிமின் டேப் இல்லாத முனையை உள்ளே நுழைத்துச் சேர்த்துச் சுற்றுங்கள். எமல்ஷன் பக்கம் காகிதத்துக்கு எதிர்ப்புறம், அதாவது சுருளின் உட்புறம். பிலிம் தானாக எந்தப் பக்கம் சுருள்கிறதோ அதுதான் எமல்ஷன். இரு ஓரத்திலும் கட்டைவிரல் வைத்து, விளிம்பைத் தொட்டபடி இறுக்கமாகச் சுற்ற வேண்டும்.

7. தலை முனை வந்ததும், முன்பு டேப் இருந்த சொரசொரப்பான தடம் காகிதத்தில் தட்டுப்படும். பிலிம் முனை அங்கே வந்து உட்கார வேண்டும். இரண்டு மூன்று மி.மீ. முன்பின் இருந்தால் பரவாயில்லை. அப்போதுதான் டேப் ஒட்டுங்கள். முதலிலேயே தலையை ஒட்டிவிட்டு வாலை நோக்கிச் சுற்றினால், வளைவில் பிலிமுக்கும் காகிதத்துக்கும் நீள வித்தியாசம் வந்து நடுவில் உப்பிக்கொள்ளும். அந்த உப்பலில் ஃபோகஸ் கெடும்.

8. மீதிக் காகிதத்தைச் சுற்றி ஒட்டி, கறுப்பு உறையில் போட்டபின் விளக்கைப் போடுங்கள்.

காகிதத்தை ஒவ்வொரு முறையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மடிப்பில் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால் அந்தக் காகிதம் ஓய்வு பெற்றுவிட்டது. ஐம்பது, அறுபது ஆண்டு பழைய ரோல்களின் காகிதத்தைப் பயன்படுத்த வேண்டாம். அதன் மை பிலிமில் இறங்கி எண்கள் வானத்தில் மிதக்கும்.

நறுக்கியபின் மிஞ்சும் சுமார் 15 மி.மீ. பட்டையை 9.2 மி.மீ. அகலத்துக்கு இன்னொரு முறை நறுக்கினால் மினாக்ஸ் என்ற மிகச் சிறிய கேமராவுக்கு ஆகும். குழுவில் யாரிடமாவது மினாக்ஸ் இருந்தால் அந்தப் பட்டைகளைக் கட்டாயம் எடுத்துவையுங்கள்.

நறுக்கும் பலகை செய்ய முடியாதவர்கள் 35 மி.மீ. பிலிமையே 127 காகிதத்தில் வைத்துச் சுற்றலாம். தலைமுனையில் இரு பக்கமும் 5.5 மி.மீ. விட்டு நடுவில் ஒட்ட வேண்டும். பற்களின் துளைகளும் படத்தில் வரும். சிலருக்கு அதுவே அழகு. ஆனால் கேமராவின் படச்சட்டம் 40 மி.மீ. அகலம், பிலிம் 35 மட்டுமே. தாங்குவதற்குத் தண்டவாளம் இல்லாமல் பிலிம் உள்ளே தொய்யும். எஃப்/14 பெட்டிக் கேமராவில் இது பெரிதாகத் தெரியாது. யாஷிகா 44-இல் எஃப்/3.5-இல் எடுத்தால் நன்றாகவே தெரியும். கலர் பிலிம் வேண்டுபவர்களுக்கு இந்த வழியில் ஒரு வசதி உண்டு: கலர் பிலிம் (சி-41 முறை) கழுவும் எந்த லேபும் இதைச் சாதாரண 35 மி.மீ. துண்டாகவே கழுவித் தரும். வெட்ட வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

காண்டாக்ட் ஷீட், ஸ்கேன், சிற்றேடு

127 நெகட்டிவை அந்தக் காலத்தில் பெரும்பாலும் பெரிதாக்காமல் அப்படியே காகிதத்தில் வைத்துப் பிரிண்ட் போட்டார்கள். 4 × 6.5 செ.மீ. படம் கையில் வைத்துப் பார்க்கப் போதும். அதனால் ஸ்கேனுக்கு முன் காண்டாக்ட் ஷீட் போடுங்கள். 4 × 4 ரோலை மூன்று மூன்று படமாக நான்கு துண்டு செய்து அடுக்கினால் ஏறக்குறைய 13 × 18.4 செ.மீ. வரும். 8 × 10 அங்குலத் தாளில் தாராளமாக அடங்கும். 4 × 6.5 ரோலை இரண்டிரண்டாக வெட்டினாலும் அளவு கிட்டத்தட்ட அதேதான். கைமாறிய கேமராவின் ஷீட்டை மட்டும் பன்னிரண்டு பிரதி போட்டு ஆளுக்கொன்று கொடுங்கள்.

ஸ்கேனருக்கு 127 பிடிப்பான் பெரும்பாலும் வராது. 120 பிடிப்பானில், 4 செ.மீ. சாளரம் வெட்டிய கறுப்பு அட்டையை வைத்து அதன்மேல் நெகட்டிவைக் கிடத்தினால் போதும். அட்டை பக்கவாட்டு வெளிச்சத்தையும் தடுக்கும். 1,600 டிபிஐ-யில் 4 செ.மீ. பக்கம் ஏறத்தாழ 2,500 புள்ளிகள் தரும். சிற்றேட்டில் 10 செ.மீ.க்கு அச்சிட 1,200 புள்ளிகளே போதும்.

சிற்றேடு நான்கு ஏ4 தாளை நடுவில் மடித்துத் தைத்தால் ஏ5 அளவில் பதினாறு பக்கம். அட்டை ஒன்று, அறிமுகம் ஒன்று, ஆளுக்கு ஒரு படமாகப் பன்னிரண்டு, கேமரா-பிலிம்-இடம் விவரப் பட்டியல் ஒன்று, பின்னட்டை ஒன்று. பின்னட்டையில் கைமாறிய ரோலின் காண்டாக்ட் ஷீட்டை அசல் அளவிலேயே போடலாம், ஏ5-இன் 14.8 × 21 செ.மீ.க்குள் அது அடங்கும். அச்சுக்கடையில் ஒன்று எடுத்துப் பார்த்துவிட்டு மற்றதை அச்சிடச் சொல்லுங்கள். லேசர் அச்சில் கறுப்புப் பகுதிகள் அடைத்துக்கொள்ளும் என்பதால், படத்தின் நிழல்களைத் திரையில் பார்ப்பதைவிடச் சற்று வெளிறலாக வைத்து அனுப்ப வேண்டியிருக்கும். படங்களின் உரிமை எடுத்தவருக்கே என்று விவரப் பக்கத்தில் ஒரு வரி போடுங்கள்.

நெகட்டிவ் துண்டுகளை 120-க்கான உறைத்தாள்களில் வைக்கலாம்; 127-க்கு அவை சற்று அகலம், அதனால் குறையில்லை. காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, நிறம் மாறும்போது பொட்டலத்தைச் சூடாக்கிக் காயவையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்ப்பதையும் பதிவேட்டில் ஒரு வேலையாக, யார் பொறுப்பு என்ற பெயரோடு, எழுதிவிடுங்கள்.